மூன்றாவது பாடம்: உரசினால் வரும் மின்சாரம்

தூஸ்-பெல் வானிலை நிலையம்
30 செப்டம்பர் 1977

என் செல்ல மகள் ஜிபாருக்கு,

மலை உச்சியிலிருந்து உன் அப்பா எசென்கூலின் சலாம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் அம்மா அனார்கானும் சுகம்தானே? அவளுடைய இருமல் நின்றதா? பசு எப்படி இருக்கிறது? கறுப்பு ஆடு இன்னும் வேலி தாண்டுகிறதா?

இங்கே நாங்கள் நாலு பேர். மூன்று பேர் காற்றையும் மேகத்தையும் அளந்து எழுதுகிறார்கள். நான் பனிக்கட்டியை வெட்டி உருக்கித் தண்ணீர் தருகிறேன், டீசல் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறேன். கணவாய் மூடிவிட்டது. இனி மே மாதக் கடைசி வரை மனிதனும் ஏற முடியாது, குதிரையும் ஏற முடியாது. மாதத்தின் முதல் வாரத்தில் ஹெலிகாப்டர் வரும், அரை மணி நேரம் நிற்கும், போய்விடும். அதில் உன் கடிதம் வந்தால் என் பதில் அடுத்த மாதம்தான் இறங்கும்.

ஒரு உதவி வேண்டும். வரும் ஜூனில் நம் மாவட்ட மின் அலுவலகத்தில் லைன்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஊரிலேயே வேலை, தினமும் வீட்டுச் சாப்பாடு. அதற்கு மின்சாரம், காந்தம் பற்றிய அடிப்படைத் தேர்வு உண்டு. புத்தகம் வாங்கி வந்தேன். முதல் பக்கத்திலேயே படுத்துவிட்டேன். ரேடியோக்காரன் பியோதர் விளக்க வந்தான்.

“ரொம்ப சுலபம்ப்பா. எலக்ட்ரான் ஓடுதுன்னு மனசுல நெனச்சுக்கோ.”

“கண்ணால பாக்காதத எப்படிடா நெனைக்கிறது?”

“உன் பொண்டாட்டிய தினமும் நெனைக்கிறியே, அவளையா இங்க பாக்குற?”

அதோடு பாடம் முடிந்தது. நீ பத்தாம் வகுப்பு. பௌதிகத்தில் முதல் ஆள் என்று உன் வாத்தியார் என்னிடமே சொன்னார். மாதம் ஒரு பாடம் எழுதி அனுப்பு. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குப் புரிகிறமாதிரி எழுது.

அம்மாவிடம் சொல்: பதினோரு குளிர்காலம் மலையில் போய்விட்டது. இந்தப் பன்னிரண்டாவதுதான் கடைசி.

உன் முகம் காணக் காத்திருக்கும்,
அப்பா

*

காரா-போஸ்
22 அக்டோபர் 1977

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

ஜிபாரின் பணிவான சலாம். இங்கே எல்லோரும் நலம். ஆடுகள் நலம். கறுப்பு ஆடு போன வாரம் வேலியோடு சேர்த்துப் பள்ளிக்கூடச் சுவரையும் தாண்டிவிட்டது. அம்மாவிடம் இருமல் பற்றிக் கேட்டேன். “அது என்கூடப் பொறந்தது, என்ன விட்டுட்டு எங்க போகும்?” என்கிறாள்.

முதல் பாடம். நம் வயலுக்கு வரும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறீர்கள். ஒரு நொடியில் எத்தனை தண்ணீர் ஓடுகிறது என்பது மின்னோட்டம், அதை ஆம்பியரில் அளப்பார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மின்னழுத்தம், அது வோல்ட். வாய்க்காலில் கிடக்கும் கல்லும் புல்லும் மின்தடை, அது ஓம். மேடு உயர்ந்தால் ஓட்டம் கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும். அவ்வளவுதான் அப்பா. இதைக் கண்டுபிடித்தவர் பெயரில்தான் ஓம் இருக்கிறது.

கேள்வி: வீட்டு மின்சாரம் 220 வோல்ட். நம் மின்னடுப்பின் தடை 44 ஓம். மின்னோட்டம் எவ்வளவு?

இன்னொன்று. ஒருவர் ‘அணைச்சிட்டேன்’ என்று சொன்னதை நம்பிக் கம்பியைத் தொடக்கூடாது. கருவி வைத்துச் சோதித்த பிறகே தொட வேண்டும். தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.

கீழே அம்மா எழுதுகிறாள்.

அன்பு மகள்
ஜிபார்

எப்போதும்போல எனக்கு ரெண்டு வரிதான். சாக்ஸ் ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன், ஒட்டக ரோமத்தில் இன்னொரு ஜோடி பின்னிக்கொண்டிருக்கிறேன். பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள், பக்கத்து வீட்டு ரேடியோவைச் சரிசெய்கிறேன் என்று போய்ப் புகை விட்டது ஊருக்கே ஞாபகம் இருக்கிறது.
— அனார்கான்

*

சோன்-தலா
19 நவம்பர் 1977

ஜிபார் கண்ணே,

உன் பெரியப்பா மம்பெத் எழுதுகிறேன். ஏழாம் நாள் முடிந்து நல்லபடி வீடு வந்து சேர்ந்தேன். உன் பெரியம்மா பள்ளிக்கூடம் முடியும்வரை உன்னோடு இருப்பாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா போய் இன்றோடு பத்து நாள். உன்னிடம் நேரில் சொன்னதையே மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நீ கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அப்பாவுக்கு எழுதாதே. சாவுச் செய்தியைக் காகிதத்தில் மடித்து அனுப்புவது நம் வழக்கம் இல்லை. பெரியவர்கள் நாலு பேர் கூடி, இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைத்து மெதுவாகக் காதில் போட வேண்டும். ‘ரேடியோவில் சொல்லிவிடலாமே’ என்று உன் வாத்தியார் கேட்டார். பத்து நிலையங்கள் கேட்கிற ரேடியோவில் சொல்லும் சேதியா இது? நல்ல மனுஷன்தான், ஆனால் வெளியூர்க்காரர்.

வழக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். உன் அப்பனை எனக்குத் தெரியும். அனார்கானைப் பெண் கேட்கப் போகும்போது பாலம் உடைந்திருந்தது என்று வெள்ளத்தில் குதிரையை இறக்கியவன். சேதி தெரிந்தால் அடுத்த ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க மாட்டான், கணவாயில் இறங்கிவிடுவான். பனிக்காலத்தில் அதில் இறங்கியவர்களை ஜூனில்தான் தேடி எடுத்திருக்கிறோம். ஆகவே எப்போதும்போல எழுது. ‘எல்லோரும் நலம்’ என்று எழுது. அவன் உயிர் உன் கையில் இருக்கிறது. மேயில் அவன் இறங்கும்போது நானே எதிர்கொண்டு சொல்கிறேன்.

முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்தைப் பிரித்து எடுத்து வந்துவிட்டேன். கோடையில் மேய்ச்சலுக்குப் போகிற கூடாரம் பனிக்காலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றால், உள்ளே யாரையோ கிடத்தியிருக்கிறார்கள் என்று வழிப்போக்கனுக்கும் தெரிந்துவிடும். ஹெலிகாப்டருக்குச் சாமான் கொண்டுபோகிற ஓட்டுநர்கள் கண்ணில் பட வேண்டாம்.

தைரியமாக இரு.
பெரியப்பா

*

தூஸ்-பெல்
26 நவம்பர் 1977

என் வாத்தியாரம்மா ஜிபாருக்கு,

மாணவன் எசென்கூலின் சலாம். நான் நலம். நீ, அம்மா, பசு, ஆடுகள் எல்லோரும் நலம் என்று படித்தபிறகுதான் டீயே இறங்கியது.

ஐந்து ஆம்பியர்! சரிதானே? பியோதருக்கும் அதே விடைதான் வந்தது, ஆனால் நான்தான் முதலில் சொன்னேன். உன் வாய்க்கால் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. படுத்தால் கண்ணுக்குள் கம்பி முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. அண்டை வயல்காரன் என் முறைத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற மாதிரி யாராவது மின்சாரத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அதுக்குப் பேருதான் ஷார்ட் சர்க்யூட்” என்றான் பியோதர். இதைத் தேர்வில் எழுதலாமா?

அம்மாவிடம் சொல்: சாக்ஸ் அளவு கச்சிதம். அடுத்த ஜோடிக்கு அவசரமில்லை, கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூனுக்குப் பிறகு நான் தினமும் வீட்டில்தான் கிடப்பேன். ‘இந்த ஆள் எப்போது வெளியே போவான்’ என்று அவளே அலுத்துக்கொள்ளப் போகிறாள். அதைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வாசல் பக்கம் நானே ஒரு விளக்கு போட்டுத் தருகிறேன், இருட்டில் பால் கறக்க வேண்டாம் என்றும் சொல்.

அடுத்த பாடத்துக்குக் காத்திருக்கும்,
அப்பா

*

காரா-போஸ்
29 நவம்பர் 1977

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

ஜிபாரின் சலாம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஆடுகள் நலம். பெரியம்மா சில நாள் தங்கிப்போக வந்திருக்கிறாள்.

இரண்டாவது பாடம். காந்தம். பள்ளியில் ஓர் உடைந்த ஒலிபெருக்கி கிடந்தது, வாத்தியார் அதன் காந்தத்தை உங்களுக்குக் கொடுத்தார். இதோடு வருகிறது. காந்தத்துக்கு வடக்கு, தெற்கு என இரண்டு முனைகள். ஒத்த முனைகள் தள்ளும், எதிர் முனைகள் இழுக்கும். காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடக்கு ஒரு துண்டு, தெற்கு ஒரு துண்டு என்று பிரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி இரண்டு முனைகள் இருக்கும். எத்தனை முறை உடைத்தாலும் அப்படித்தான்.

பூமியும் ஒரு காந்தம். அதனால்தான் திசைகாட்டியின் ஊசி வடக்கே திரும்புகிறது. ஆனால் ஊசிக்கு எது பூமி, எது பக்கத்தில் இருக்கும் இரும்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கத்தியோ கோடரியோ அருகில் இருந்தால் அதன் பக்கம் சாய்ந்துவிடும். பார்க்கிறவருக்கு ஊசி சரியாக நிற்பதுபோலவே இருக்கும். ஆகவே இரும்பைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே திசை காட்டினால் நம்பலாம்.

கேள்வி: இரும்பு ஆணியைக் காந்தமாக்குவது எப்படி?

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். கை மாவாக இருப்பதால் இந்த முறை வரிகள் இல்லை.

அன்பு மகள்
ஜிபார்

*

காரா-போஸ்
27 டிசம்பர் 1977

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

சலாம். எல்லோரும் நலம். உங்கள் நவம்பர் கடிதம் கிடைத்தது. ஐந்து ஆம்பியர் சரி. வாசல் விளக்கு பற்றி அம்மாவிடம் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்.

இங்கே குளிர் அதிகம். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. நேற்று அடுப்புக் கதவைக் கையால் பிடித்துவிட்டேன், பெரியம்மா கத்தியபிறகுதான் சுட்டது தெரிந்தது. தோல் ஆறிவருகிறது.

மூன்றாவது பாடம். உரசினால் வரும் மின்சாரம். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், வரிசை மாறிவிட்டது. எல்லாப் பொருளுக்குள்ளும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாக இருக்கும், அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பொருள்களை உரசும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எதிர் மின்னூட்டம் மற்றதற்குப் போய்விடும். போனது ஓடாமல் அங்கேயே தங்கும். போன மாதம் முற்றத்துக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது என் கையில் அம்மாவின் சிவப்பு பிளாஸ்டிக் சீப்பு இருந்தது. அதைக் கம்பளிச் சுவரில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கீழே கிடந்த ரோமத்துணுக்குகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொண்டன. சீப்பு எதிர் மின்னூட்டம், கம்பளி நேர் மின்னூட்டம். எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று நினைவில்லை. நல்ல சோதனை இது. உங்கள் அறையில் கம்பளி இருந்தால் செய்து பாருங்கள்.

கேள்வி: தேய்த்த சீப்பை ஈரக் கையால் தொட்டால் துணுக்குகள் ஏன் விழுந்துவிடுகின்றன?

அம்மாவின் கை இன்றும் மாவு.

அன்பு மகள்
ஜிபார்

*

தூஸ்-பெல்
3 ஜனவரி 1978

அருமை மகள் ஜிபாருக்கு,

சலாம். நான் நலம், நீங்கள் எல்லோரும் நலம்தானே? ஹெலிகாப்டர் நாளையோ மறுநாளோ வரும் என்கிறார்கள், அதற்குள் இதை முடித்து வைக்கிறேன்.

ஆணி மேல் காப்பிட்ட கம்பியைச் சுற்றி பேட்டரியில் இணைத்தேன். மூன்று ஊசிகளைத் தூக்கிற்று! கம்பியை எடுத்ததும் ஊசிகள் விழுந்துவிட்டன. சின்னப் பையன் மாதிரி மத்தியானம் முழுக்க இதே வேலை. கோடரியைத் திசைகாட்டி பக்கம் கொண்டுபோனேன், நீ சொன்னபடியே ஊசி ஏமாந்து போகிறது. பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மா என்ன, ஒரு மாதமாகவா ஒரே மாவைப் பிசைகிறாள்? ஊருக்கே ரொட்டி சுடுகிறாளா? இரண்டு வரி எழுத முடியாத அளவுக்கு என்மேல் என்ன கோபம்? நான் கிளம்பும்போது தேநீர்க் கிண்ணத்தை உடைத்தேனே, அதற்கா? புதுக் கிண்ணம் வாங்கித் தருகிறேன் என்று சொல். அவள் கையெழுத்தைப் பார்க்காமல் இந்த டிசம்பர் நீளமாக இருந்தது.

அப்பா

*

காரா-போஸ்
10 பிப்ரவரி 1978

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

சலாம். நீங்கள் நலமா? இந்த முறை இதைக் கேள்வியாகவே எழுதுகிறேன். பிப்ரவரி ஹெலிகாப்டர் மேலே போய்த் திரும்பிவிட்டது. ஆனால் உங்கள் கடிதம் இல்லை. தபால்காரர் ஷேர்பெத்திடம் மூன்று முறை கேட்டேன்.

“பையத் தலைகீழாக் கொட்டிப் பாத்துட்டேம்மா. உங்கப்பா பேருல ஒண்ணும் இல்ல.”

“கடுதாசி போடாம இருக்க மாட்டாரே, மாமா.”

“மலையில பேனா மையே உறைஞ்சிடும். ரெண்டு மாசத்துக்கும் சேத்து அடுத்த தடவை பாரு, புத்தகமே வரும்.”

இங்கே எல்லோரும் நலம். அம்மா நலம். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கிண்ணம் உடைந்ததற்குச் சிரித்தாள். பெரியம்மாவோடு சேர்ந்து நிறையப் பேசுகிறாள். நான் பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த வெளக்கு ஏண்டி எரியுது, உள்ள என்ன இருக்கு?” என்று கேட்கிறாள். இழை சூடாகி ஒளிர்கிறது என்று சொன்னேன். “அப்போ அதுக்கு வலிக்காதா?” என்றாள்.

போன மாதம் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் எழுதி அனுப்பினேன், கிடைத்ததா? நான்காவது கேள்விக்கு விடை எழுதுங்கள்: வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால் மற்ற விளக்குகள் ஏன் அணைவதில்லை?

ஐந்தாவது பாடம். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை உள்ளே வெளியே ஆட்டினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். உங்கள் டீசல் இயந்திரம் சுற்றுவது இதற்காகத்தான். ஆனால் காந்தம் அசைய வேண்டும். எத்தனை பெரிய காந்தமானாலும் சுருளுக்குள் சும்மா கிடந்தால் ஒன்றும் வராது.

ஒரு வரியாவது எழுதுங்கள். கீழே அம்மா.

ஜிபார்

கோபம் எல்லாம் இல்லை. ஒட்டக ரோம சாக்ஸ் முடிந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
— அனார்கான்

*

தூஸ்-பெல்
26 பிப்ரவரி 1978

ஜிபாருக்கு,

சலாம். நான் இருக்கிறேன். போன முறை எழுதாததற்குக் காரணம் குளிர். கை விறைத்துப் பேனா பிடிக்க வரவில்லை. இப்போது பிடிக்கிறது.

நான்காவது கேள்வி. எல்லா விளக்குகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை. ஒரு பாதை அறுந்தால் மற்ற பாதைகளில் ஓட்டம் அப்படியே இருக்கும். அவை அதே வெளிச்சத்தோடு எரியும். விதி அப்படி. பக்கத்து விளக்குக்கு ஒன்றும் தெரியாது என்று புத்தகம் சொல்கிறது. சரியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. இனி வீட்டுச் செய்தி எழுத வேண்டாம். உனக்குப் பள்ளித் தேர்வு இருக்கிறது, எனக்கும் தேர்வு இருக்கிறது. நேரம் குறைவு. மாவு, ரொட்டி, இருமல் எதுவும் வேண்டாம். பாடம் மட்டும் எழுது. நீ சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் ஒரு வரி எழுது. அது போதும்.

அப்பா

*

தூஸ்-பெல்
29 மார்ச் 1978

என் மகளே ஜிபார்,

உன் பிப்ரவரிக் கடிதம் மார்ச்சில் வந்தது. அதற்குக் கீழே உன் அம்மாவின் வரிகள் இருந்தன. அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். கோடு சாய்வதுகூட அவளுடையது மாதிரியே. அதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் மகள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து செத்துப்போன அம்மாவின் கையெழுத்தைப் பழகியிருக்கிறாள். அந்த நிலைக்கு உன்னை விட்டது நான்.

எனக்குத் தெரியும், கண்ணே. ஜனவரி ஐந்தாம் தேதியிலிருந்து தெரியும்.

உன் மூன்றாவது பாடத்தை ஹெலிகாப்டர் பக்கத்தில் நின்றே படித்தேன். சீப்பு, கம்பளி, ரோமத்துணுக்கு. நன்றாகப் புரிந்தது, சிரித்துக்கொண்டேகூடப் படித்தேன். பிறகு திரும்பப் படித்தேன். முற்றத்துக் கூடாரத்துக்குள். நவம்பர் மாதத்தில். எந்தக் கிர்கிஸ் வீட்டு முற்றத்தில் நவம்பரில் கூடாரம் நிற்கும்? யாருடைய சீப்பு மகள் கையில் இருக்கும்? அதற்குள் ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது. கையை ஆட்டினேன். விமானி வழியனுப்புகிறேன் என்று நினைத்துப் பதிலுக்கு ஆட்டினான்.

மறுநாள் விடியும்போது கோடரியையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு கணவாய்க்கு நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அவர் சொன்னது சரி. மதியத்துக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஊசியைப் பார்த்தே நடந்தேன். வெகுநேரம் கழித்து, காற்று தப்பான கன்னத்தில் அடிக்கிறதே என்று தோன்றியது. கோடரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதுதான் உன் இரண்டாவது பாடம் நினைவுக்கு வந்தது. கோடரியைப் பனியில் நட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப்போய்ப் பார்த்தேன். ஊசி கால்வட்டம் திரும்பி நின்றது. நான் போய்க்கொண்டிருந்தது பனியாற்று வெடிப்புகள் பக்கம். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் என்னைத் தேடி எடுக்க ஜூன் மாதமும் போதாது.

அங்கேயே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எழுந்து சரியான திசையில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அந்த முற்றத்தில் மறுபடி ஒரு கூடாரம் போட வேண்டுமா, அதற்குள்ளும் நீயே உட்கார வேண்டுமா என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

பியோதர் வழியிலேயே வந்து பிடித்தான்.

“எங்கடா போன?”

“வீட்டுக்கு.”

என்னை நிலையத்துக்குக் கூட்டிவந்தான். பூட்ஸைக் கத்தியால் கிழித்து எடுத்தான். இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வெட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து வலி வந்தது. அது வந்தபிறகுதான் அழுதேன். மேலதிகாரிகளுக்கு அவன் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பிப்ரவரி ஹெலிகாப்டரில் இறங்கியிருந்தால் கால் வெளியே தெரிந்து தேர்வுக்கே போக முடியாமல் போயிருக்கும். கம்பம் ஏறுவதற்கு மூன்று விரல் போதும், பியோதரை ஏணி பிடிக்கச் சொல்லி ஏறிப் பார்த்துவிட்டேன்.

பாடம் மட்டும் எழுது என்று பிப்ரவரியில் சொன்னது உன்னைப் பொய்யிலிருந்து விடுவிக்கத்தான். அதற்குள் உன் கடிதம் புறப்பட்டுவிட்டது. உன் கடிதங்களில் வரும் அம்மா வீட்டில் பேசியதைவிட அதிகம் பேசுகிறாள். மாதம் ஒருத்தியை நீ இப்படி உருவாக்க வேண்டாம்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். மே கடைசியில் நான் இறங்கும்போது பெரியப்பா பெரியவர்களோடு எதிரே வருவார். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சொல்வார். அப்போதுதான் கேட்பவன் மாதிரி நான் கேட்பேன். அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது, நவம்பரிலிருந்து அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு காத்திருக்கிறார். நீயும் காட்டிக்கொடுக்காதே.

இரண்டாவது. அவர் அழகாகச் சொல்வார், வளைத்துச் சொல்வார். எனக்கு அது போதாது. நீ பாடம் எழுதுவதுபோல எழுது. என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது. எதையும் தாண்டாமல்.

உன் அப்பா

*

காரா-போஸ்
25 ஏப்ரல் 1978

அப்பா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ‘இங்கே எல்லோரும் நலம்’ என்று எழுதியே கை பழகிவிட்டது. இங்கே நலம் இல்லை.

கூடாரம் என்று எழுதியது எனக்கே தெரியாது. உங்கள் கடிதம் வந்தபிறகும் அப்படி எழுதினேனா என்று நெடுநேரம் யோசித்தேன். அன்று கூடாரத்துக்குள் பெண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். “அழுடி, அழு, நெஞ்சுக்குள்ள வச்சுக்காத” என்று பெரியம்மா முதுகில் தட்டினாள். எனக்கு வரவில்லை. சீப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் அப்படியே இருந்தேன். உங்கள் கடிதத்தை மாட்டுக்கொட்டிலில் வைத்துப் படித்தேன். விரல்கள் போனது வரை படித்துவிட்டு அழுதேன். பசு மிரண்டு பால் வாளியைத் தட்டிவிட்டது. அன்று எனக்கும் பெரியம்மாவுக்கும் டீயில் பால் இல்லை.

வரிசையாக எழுதுகிறேன்.

நவம்பர் ஆறாம் தேதி, ஞாயிறு. ஆடுகளை ஓட்டப்போய் மழையில் நனைந்து வந்தாள். இரவு காய்ச்சல். திங்கள் காலை எழுந்து பால் கறந்தாள், நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மதியம் படுத்தாள். செவ்வாய் மருத்துவர் வந்தார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி அனுப்புகிறேன் என்றார். பாதையில் மண் சரிந்து வண்டி வரமுடியவில்லை. அன்று மாலை என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பாவுக்கு எழுதட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“எழுதாத. அந்தாளு நடந்தே வந்துருவாரு. பரீட்சை எழுதட்டும்.”

“நீ சரியாயிடுவே.”

“ஆயிடுவேன். அந்தப் பின்னல் ஊசிய எடு, சாக்ஸுக்குக் குதிகால் திருப்பணும், விட்டா எண்ணிக்கை மறந்துபோகும்.”

ஆறு வரிசை பின்னினாள். பிறகு தூங்கினாள். புதன் காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலி என்று சொல்லவில்லை. வெந்நீர் கேட்டாள், நான் கொண்டுவருவதற்குள் வேண்டாம் என்றாள். இதுதான் எல்லாம். எதையும் தாண்டவில்லை.

பெரியப்பா சொல்லி முடிக்கும்வரை எனக்கும் ஒன்றும் தெரியாது. நான் வாசலில் நிற்பேன். நீங்கள் என்னைப் பார்க்காதீர்கள், பார்த்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம்.

தேர்வு ஜூன் பதினான்காம் தேதி. ஆறாவது பாடம், மின்மாற்றி, தனித்தாளில் இருக்கிறது. நான் சாப்பிடுகிறேன்.

சாக்ஸ் முடிந்தது என்று நான் எழுதியது பொய். ஒன்றுதான் முடிந்தது. மற்றதைக் குதிகாலில் விட்டிருக்கிறாள், ஊசியோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், நான் தொடவில்லை. முடிந்த ஒன்றை இதோடு அனுப்புகிறேன். இடது காலில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிபார்